இரண்டு பத்திரம், இரண்டு தந்தை பெயர்: கொள்ளுத்தாத்தாவின் பெற்றோரைத் தேடும் வழி

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா (பெயர்களை மாற்றியிருக்கிறேன், பெருமாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 1890 வாக்கில் பிறந்து 1951இல் இறந்தார். ஊர், பழைய வட ஆற்காடு மாவட்டம் போளூர் தாலுகாவில் ஒரு கிராமம். சிறு வயதிலேயே தாயும் தகப்பனும் இறந்துவிட, தாய்மாமன் வளர்த்ததாகச் சொல்வார்கள். மாமன் மகளையே மணந்தார் என்றும் பேச்சு உண்டு, உறுதியாகத் தெரியாது. 1923இல் அவர் நிலம் விற்ற பத்திரத்தில் "சின்னசாமி மகன் பெருமாள்" என்றும், 1934இல் நிலம் வாங்கிய பத்திரத்தில் "முனுசாமி குமாரர் பெருமாள்" என்றும் இருக்கிறது. என் தாத்தாவின் பெயர் முனுசாமி. அவர் இரண்டாவது பிள்ளை, மூத்தது சிறு வயதிலேயே இறந்துவிட்டது. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் எள்ளுத்தாத்தா முனுசாமிதான் என்று நினைக்கிறேன். பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்து, கப்பலேறிப் போய் திரும்பவே இல்லையாம். இதற்கு மேல் போக வழி உண்டா?

பதில்:

வழி உண்டு. அதில் பாதியை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டு, ஒன்றுமில்லாத செய்தி போலத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கப்பலேறிய அண்ணனைத்தான் சொல்கிறேன். அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் கையிலிருக்கும் இரண்டு பத்திரங்களையும் ஒழுங்காகப் படித்துவிடலாம்.

வம்சாவளி தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆளை முறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார்கள். பெருமாளின் தகப்பன் யார் என்று பெருமாளின் காகிதங்களையே திரும்பத் திரும்பக் கேட்டால், அவை சொன்னதையேதான் சொல்லும். அவருடைய அண்ணன், மனைவி, மாமன், பக்கத்து நிலத்துக்காரர், பத்திரத்தில் சாட்சி போட்டவர், இறந்துபோன மூத்த பிள்ளை ஆகியோரின் காகிதங்களில் அதே கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்கும். அங்கே யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

தாத்தாவின் பெயரை வைத்து நீங்கள் போட்ட கணக்கு அவசரக் கணக்கு. நம் பக்கத்து வழக்கப்படி மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர். இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். எல்லா வீட்டிலும் இப்படியே நடந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டால் முழுதாகக் கொள்ள வேண்டும். உங்கள் தாத்தா இரண்டாமவர். ஆகவே முனுசாமி என்பது பெருமாளின் மாமனார் பெயராக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மாமன் மகளைக் கட்டியது உண்மையானால், அந்த மாமனாரும் வளர்த்த தாய்மாமனும் ஒரே ஆள். 1934 பத்திரத்தில் அந்தப் பெயர் ஏன் தந்தை இடத்தில் வந்தது என்பதற்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது: ஊரார் கண்ணுக்கு அவர் முனுசாமி வீட்டுப் பிள்ளை.

இது ஊகம்தான். இதை உடைக்கக்கூடிய வேறு மூன்று சாத்தியங்களும் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே ஊகத்தை நம்ப வேண்டும்.

முதலாவது, இரண்டும் ஒரே மனிதரின் பெயர்களாக இருப்பது. மாமனார் பெயரையும் கணவன் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லாத காலம் அது. பாட்டன் பெயரையே பேரனுக்கு வைத்துவிட்டால் மருமகள் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? அதனால் வீட்டில் அழைக்க இன்னொரு பெயர் வந்துவிடும். அந்த அழைப்புப் பெயரே சில சமயம் ஊர்ப் பெயராகி, பட்டாவிலும் ஏறிவிடும். ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் சின்னசாமியாகவும் இன்னொன்றில் முனுசாமியாகவும் இருப்பது அதிசயமே இல்லை. பழைய பத்திரங்களில் "முனுசாமி என்கிற சின்னசாமி" என்று எழுத்தர் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்படி ஒரு வரி எங்காவது அகப்பட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, சுவீகாரம். உங்கள் விஷயத்தில் இதை நான் நம்பவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1956இல் சுவீகாரச் சட்டம் வருவதற்கு முன், பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை பெற்ற தாய் தந்தைக்கு மட்டுமே இருந்தது. இருவரும் இறந்துவிட்ட அனாதைப் பிள்ளையை, தனி வழக்காறு இருந்த சில சமூகங்கள் தவிர, முறைப்படி சுவீகாரம் எடுக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. முனுசாமி அவரைத் தத்தெடுத்திருந்தால் முனுசாமியின் மகள் அவருக்குத் தங்கை முறை; கட்டியிருக்கவே முடியாது. எனவே கொள்ளுப்பாட்டியின் தகப்பன் யார் என்பது நிரூபணமானால், அந்த ஒரு விவரமே சுவீகாரக் கதையைத் தள்ளிவிடும். பெண்வழியைத் தேடாமல் விடுவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் பார்க்கும் சோம்பேறித்தனம். கொள்ளுப்பாட்டியின் பெயரைக்கூட நீங்கள் கேள்வியில் எழுதவில்லை!

மூன்றாவது, பெருமாள் என்று இரண்டு பேர் இருந்திருப்பது. ஒரே கிராமத்தில், ஒரே சாதியில், ஒரே தலைமுறையில் இரண்டு பெருமாள்கள் இருந்தால் என்ன ஆச்சரியம்? இதைப் பெயரை வைத்துத் தீர்க்க முடியாது. நிலத்தை வைத்துத்தான் தீர்க்க வேண்டும். இரண்டு பத்திரங்களிலும் சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் எடுத்து எழுதுங்கள். 1934இல் வாங்கிய நிலம் பின்னால் உங்கள் தாத்தாவின் பாகத்தில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் வாங்கியவர் உங்கள் பெருமாள்தான். 1923இல் விற்ற நிலத்துக்கு அடுத்த நிலம் யாருடையது? அதுவும் உங்கள் குடும்பத்தில் பின்னால் தென்படுகிறதா? இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டு பத்திரங்களையும் ஒரே கோப்பில் வைப்பதே தவறு.

நான்கு எல்லையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "கிழக்கில் இன்னார் நிலம், தெற்கில் இன்னார் நஞ்சை" என்று சக்குபந்தியில் வரும் பெயர்களை நாம் படிப்பதே இல்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டால் வயல்கள் ஒட்டியே கிடக்கும். ஆகவே எல்லையில் நிற்கிறவர் பல நேரம் பங்காளி. 1923 பத்திரத்தின் ஓர் எல்லையில் "சின்னசாமி மகன்" என்ற அடையாளத்தோடு வேறு யாராவது இருக்கிறாரா பாருங்கள். இருந்தால் அவர் சகோதரராகவே இருக்கலாம். "முனுசாமி வகையறா" என்று இருந்தால் அதுவும் செய்திதான்.

இனி, இரண்டு பத்திரங்களில் எது சொல்வதை அதிகம் நம்பலாம் என்பதற்கு வருவோம். காகிதத்தில் இருக்கிறது என்பதாலேயே இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடக் கூடாது. அந்த விவரத்தைச் சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டும். 1923 பத்திரத்தில் பெருமாள் விற்றவர்; எழுதிக் கொடுத்தவர். அவரே சார்பதிவாளர் முன் போய் நின்று, தான் எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருக்கிறார். அவரை இன்னார் என்று அடையாளம் காட்டிய சாட்சிகளின் பெயரும் புறக்குறிப்பில் இருக்கும். 1934இல் அவர் வாங்கியவர். அந்தக் காலத்தில் வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவதில்லை. பதிவு அலுவலகத்துக்கு வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அவருடைய தகப்பன் பெயரை எழுத்தரிடம் விற்றவரே சொல்லியிருக்கலாம். பத்திரம் எழுதிய வீட்டுத் திண்ணையில் யாரோ ஒருவர் "முனுசாமி வீட்டுப் பெருமாள்" என்று சொல்ல, அது "முனுசாமி குமாரர்" ஆகியிருந்தால் எனக்கு வியப்பில்லை. ஆகவே, மற்றவை சமமாக இருந்தால், நான் சின்னசாமி பக்கம்தான் சாய்வேன்.

தகப்பன் பெயர் பத்திரத்தில் வருவது எழுத்தரின் தயவால் அல்ல. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே ஓர் ஆளை எப்படி அடையாளப்படுத்த வேண்டும் என்று சொல்கிறது: குடியிருக்கும் இடம், தொழில், இந்தியராக இருந்தால் தந்தையின் பெயர். தாயின் மகன் என்றே வழக்கமாக அழைக்கப்படுகிறவராக இருந்தால் தாயின் பெயர். பழைய ஆவணங்களில் சாதியும் சேர்ந்து வரும். தாயின் பெயரால் அடையாளப்படுத்தலாம் என்ற அந்த வரியை மறந்துவிடாதீர்கள். தகப்பனை இழந்து தாய்வீட்டில் வளர்ந்தவர்களின் பத்திரங்களில் அது எதிர்பாராத இடத்தில் கைகொடுக்கும்.

அடுத்து, 1923 பத்திரத்தில் அந்த நிலம் பெருமாளுக்கு எப்படி வந்தது என்று ஒரு வாக்கியம் இருக்கும். "எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்ட" என்றால் தகப்பன் வழி வந்த சொத்து. "சுயார்ஜிதம்" என்றால் சொந்தச் சம்பாத்தியம். "இன்னாரிடம் கிரயம் பெற்று" என்றால் தாய்ப் பத்திரம் ஒன்று இருக்கிறது. அதையும் தேட வேண்டும். பிதுரார்ஜிதம் என்று இருந்துவிட்டால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏனென்றால் அந்தச் சர்வே எண்ணுக்கு முந்தைய தலைமுறையில் ஒரு பட்டாதாரர் இருந்திருக்க வேண்டும். அவர் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டைப் பிடிக்க இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பல எண்கள் உட்பிரிவாகி மாறின. அந்தத் திட்டத்தின் 'அ' பதிவேட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும், மறு நிலவரித் திட்டப் பதிவேட்டுக்கும் போகலாம். வட்டாட்சியர் அலுவலகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆவண அறை, சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் கேளுங்கள். எந்தக் கிராமம், எந்தச் சர்வே எண் என்று சொன்னால் வேலை நடக்கும். "எங்கள் பூர்விகம் வேண்டும்" என்று கேட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மாவட்ட எல்லைகள் மாறியதை நினைவில் வையுங்கள். உங்கள் ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை அது வட ஆற்காடு. அதற்குத் தலைநகர் வேலூர். 1911 வரை அதே வட ஆற்காட்டுக்குத் தலைநகர் சித்தூர். 1890களின் காகிதத்தைத் திருவண்ணாமலையில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டுவது, ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஊரிலேயே ஆள் இல்லை என்பது போன்றது. ஆரணிப் பக்கம் ஜாகீர் கிராமங்களும் (வரி வசூலிக்கும் உரிமை ஒருவருக்கு மானியமாக விடப்பட்டவை) இருந்தன. உங்கள் ஊர் அப்படி ஒன்றாக இருந்தால், குடியானவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையின் பதிவேடு பழைய காலத்துக்கு இருக்காது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிந்தைய நிலவரித் திட்டத்தில்தான் குடியானவர் பெயர் முதன்முதலாக ஒழுங்காக வரும்.

வருவாய்க் காகிதங்களில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். தொடங்கும் நாள் ஜூலை 1. பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போடும்போது எல்லோரும் சொத்தின் பெயரில் போடுகிறார்கள். ஆள் பெயரிலும் ஓர் அட்டவணை அங்கே இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் எல்லோரும் பெயர் வரிசையில் அதில் வருவார்கள். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975க்குப் பிந்தையது. அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட்டுத் தேடல் கட்டணம் கட்ட வேண்டும். தேடச் சொல்லும்போது பெருமாளை மட்டும் சொல்லாதீர்கள். முனுசாமி, சின்னசாமி, கொள்ளுப்பாட்டி மூவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். முனுசாமி ஒரு உயிலோ தான செட்டில்மெண்டோ எழுதியிருந்தால் அதில் "என் மகளும் அவள் புருஷன் பெருமாளும்" என்று ஒரு வரி வந்துவிடலாம். "என் சகோதரி மகன் பெருமாள்" என்று வந்தால் அதைவிட நல்லது. உயில் பதிவானது மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வாரிசு என்று நிரூபித்தால்தான் தருவோம் என்று யாராவது சொன்னால், பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

பெருமாள் சிறுவனாக இருந்தபோது தகப்பன் இறந்தார் என்கிறீர்கள். சொத்து இருந்து பிள்ளை மைனராக இருந்தால், நிலத்தை அடமானம் வைக்கவோ விற்கவோ கார்டியன் ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். "சின்னசாமியின் மைனர் குமாரன் பெருமாளுக்காகக் கார்டியன் தாய்மாமன் முனுசாமி" என்று ஒரு பத்திரம் 1895க்கும் 1910க்கும் இடையில் இருந்தால், நான் மேலே ஊகித்தது எல்லாம் ஒரே வரியில் நிரூபணமாகிவிடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆள் பெயர் அட்டவணையில் முதலில் தேடுவது இதைத்தான். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்கு அன்று பதிவு கட்டாயமில்லை என்பதால், கிடைக்காவிட்டால் அப்படி ஒன்று நடக்கவில்லை என்று பொருள் இல்லை.

பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றீர்கள். 1890 பிறப்புக்கு அது கிடைக்காததே இயல்பு. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல்தான் வந்தது. கிடைத்தாலும் குழந்தைக்குப் பெயர் இருக்காது. "ஆண்" என்று மட்டும் இருக்கும். அதைவிடப் பயனுள்ளது இறந்துபோன மூத்த பிள்ளையின் இறப்புப் பதிவு. இரண்டு மூன்று வயதில் இறந்த குழந்தைக்குப் பெயர் வைத்திருப்பார்கள். 1915க்கும் 1925க்கும் இடையில் அந்தக் கிராமத்து இறப்புப் பதிவேட்டில் "பெருமாள் மகன் சின்னசாமி" என்று ஒரு குழந்தை இருந்தால், தந்தைவழிப் பாட்டன் பெயர் எது என்பதற்கு அது நல்ல துணைச் சான்று. பெருமாளின் 1951 இறப்புப் பதிவையும் எடுங்கள். அதில் தந்தை பெயர் இருந்தால் மட்டும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அதைச் சொன்னவர் மகனோ தலையாரியோ, இறந்தவர் அல்ல. பழைய கிராமப் பதிவேடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் இரண்டிலும் கேளுங்கள். ஓரிடத்தில் இல்லை என்றால் மற்றதில் இருக்கும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு உங்களுக்கு உதவாது. உங்கள் தாத்தாவின் தந்தை பெருமாள் என்றுதான் அது சொல்லும். அது நமக்குத் தெரியும்.

காகிதம் இன்னும் சில வருடம் காத்திருக்கும். 1951இல் அந்தச் சாவு வீட்டில் எட்டுப் பத்து வயதில் ஓடியாடிய பிள்ளைகள் இன்று எண்பதைக் கடந்திருக்கிறார்கள். அவர்களால் காத்திருக்க முடியாது. முதல் பயணம் ஊருக்குத்தான். போய் "எங்கள் எள்ளுத்தாத்தா பெயர் என்ன?" என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு. பெருமாள் செத்தபோது யார் யார் தீட்டுக் காத்தார்கள்? கருமாதியில் மகன்களோடு சேர்ந்து மொட்டை போட்டுக்கொண்டவர்கள் எந்த வீட்டுக்காரர்கள்? கோடித் துணி கொண்டுவந்தவர்கள் யார்? தீட்டுக் காத்தவர்கள் பங்காளிகள். கோடி போட்டவர்கள் மாமன் மச்சான் வகை. முனுசாமியின் மகன்கள் தீட்டுக் காத்தார்களா, கோடி போட்டார்களா என்ற ஒரே கேள்வி உங்கள் சிக்கலை இரண்டாகப் பிளந்துவிடும். தீட்டுக் காத்திருந்தால் பெருமாள் அந்த வீட்டு ஆண்வழிப் பிள்ளை. கோடி போட்டிருந்தால் முனுசாமி மாமன்தான். தகப்பன் வேறு ஆள். சொந்தக்காரர்களைவிட ஊர் நாவிதர், வண்ணார் குடும்பங்களின் மூத்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். எந்தச் சாவுக்கு எந்தெந்த வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் தொழிலாக இருந்தது.

அப்படியே பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சொல்லுங்கள். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ஜாதக ஏடு இவை எதையும் குப்பை என்று தள்ளாதீர்கள். மொய் நோட்டில் ஊர்ப் பெயரோடு ஆள் பெயர் இருக்கும். தாய்மாமன் சீர் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், வேறு ஊரிலிருந்து வந்து கனமாக எழுதியவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்பே இல்லாத ஊர்க்காரர் ஏன் அவ்வளவு எழுதினார் என்று கேட்பதில் சில சமயம் ஒரு முழுக் கிளை வெளிவரும். ஜாதகத்தில் தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால் அறுபதாண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்: பிரபவ 1867இலும் 1927இலும் வந்தது.

குலதெய்வத்தையும் கேளுங்கள். பெருமாள் தாய்மாமன் ஊரில் வளர்ந்தவர் என்றால் உங்கள் குலதெய்வம் அந்த ஊரில் இருக்கிறதா, வேறு ஊரிலா? குலதெய்வம் ஆண்வழியில் வருவது. முனுசாமி குடும்பமும் நீங்களும் ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தால், என் ஊகம் ஆட்டம் காண்கிறது என்று நானே ஒப்புக்கொள்வேன். உங்களுக்கு வேறு ஊரில் குலதெய்வம் என்றால், அந்த ஊரில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டைப் பாருங்கள்; சின்னசாமியின் பங்காளிகள் அங்கே இருப்பார்கள். பிடிமண் எடுத்து வந்து இங்கேயே கோயில் கட்டியிருந்தால், எங்கிருந்து எடுத்தார்கள் என்று பூசாரிக்குத் தெரிந்திருக்கும். தாது வருடப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லும், 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வட ஆற்காட்டைக் கடுமையாகத் தாக்கியது. பல குடும்பங்கள் ஊர் மாறின. உங்கள் எள்ளுத்தாத்தா அப்போது சிறு பிள்ளையாகவோ இளைஞராகவோ இருந்திருப்பார். அவரே வந்தேறியாக இருக்கலாம்.

இப்போது அண்ணனுக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு அதிகம் ஆள் கொடுத்த மாவட்டங்களில் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதினார்கள். படித்துப் பாருங்கள்: தந்தை பெயருக்கென்று தனிக் கட்டம்! ஊரிலேயே இருந்து நிலம் வாங்கி விற்ற தம்பிக்குக் கிடைக்காத சான்று, ஓடிப்போன அண்ணனுக்குக் கிடைக்கும். பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்தாக்கப்பட்ட தரவு இணையத்தில் தேடவும் கிடைக்கிறது.

தேடும்போது அண்ணன் பெயரைக் கொடுத்துத் தேட உங்களுக்குப் பெயரே தெரியாது, பரவாயில்லை. போளூர் தாலுகா, உங்கள் கிராமம், தந்தை பெயர் சின்னசாமி அல்லது முனுசாமி, வயது 18 முதல் 30, ஆண்டு 1900 முதல் 1911 என்று வடிகட்டுங்கள். எழுத்துகளை நம்பாதீர்கள். தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது. சின்னசாமி "சின்னசாவ்மி" ஆகவும் "சினசாமி" ஆகவும் இருப்பார், கிராமப் பெயர் அடையாளமே தெரியாமல் சிதைந்திருக்கும். பழைய தாலுகா வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தால் பல பெயர்கள் பிடிபடும். வீட்டில் சொல்லாமல் ஓடியவர்கள் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னதுண்டு; ஆனால் கிராமத்தையும் தகப்பன் பெயரையும் சேர்த்தே மாற்றியவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

நேட்டாலில் இல்லை என்றால் பிஜி. 1879இல் தொடங்கிய பிஜி குடியேற்றத்தில் சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903 முதல் 1916 வரை. அங்கே போனவர்களின் குடியேற்ற அனுமதிச் சீட்டுகளில் தந்தை பெயரோடு நெருங்கிய உறவினர் பெயருக்கும் இடம் உண்டு. அங்கே "தம்பி பெருமாள்" என்று இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? மொரிஷியஸ் குடியேற்றப் பதிவேடுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஆனால் 1900க்குப் பிறகு அங்கே போனவர்கள் சொற்பம். மலேயாவுக்கும் இலங்கைக்கும் கங்காணி மூலம் போனவர்களுக்கு இப்படி ஆள் ஆளாக எழுதிய பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணன் நேட்டாலில் ஓரளவு சொத்தோடு இறந்திருந்தால் இன்னொரு காகிதம் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இறந்தவரின் சொத்துக் கோப்பில் மரண அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு. அதில் பிறந்த இடமும் பெற்றோர் இருவரின் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். தாயின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய அபூர்வமான இடம் அது.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பங்களும் இதே மாதிரி கேள்விகளை எனக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் கடைசிக் கட்டம் வரை படியுங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று கேட்கும் கட்டம் ஒன்றும், தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் அங்கே பிறந்திருந்தால் அவரைப் பற்றிக் கேட்கும் கட்டம் ஒன்றும் அதில் உண்டு. குடியுரிமைச் சிக்கலுக்காக வைத்த கட்டங்கள்; வம்சாவளி தேடுகிறவர்களுக்குப் பயன்படுகின்றன.

மரபணுச் சோதனை செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். செய்யலாம், ஆனால் கடைசியில். நீங்களும் அண்ணன் வழிக் கொள்ளுப்பேரனும் சராசரியாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான மரபணுவைத்தான் பகிர்வீர்கள். இந்த உறவுத் தூரத்தில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொருத்தமே தென்படாது. போதாததற்கு நாம் மாமன் மகளையும் அத்தை மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்கள். சோதனை நிறுவனம் "நெருங்கிய உறவு" என்று காட்டுவது பல சமயம் தூரத்து உறவுகள் பல வழியில் வந்து சேர்ந்ததன் விளைவு. பயன் தரக்கூடியது ஆண்வழி ஒய் குரோமோசோம் சோதனை. நீங்கள் மகன் வழி மகனாக வந்தவர் என்றால், உங்களையும் முனுசாமியின் மகன் வழிப் பேரன் ஒருவரையும் சோதித்துப் பார்க்கலாம். பொருந்தாவிட்டால் முனுசாமி தகப்பன் என்ற சாத்தியம் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். பொருந்தினால் ஆண்வழி உறவு என்று மட்டும் தெரியும். தகப்பனா, பெரியப்பனா என்று அது சொல்லாது. யாரைச் சோதனைக்கு அழைத்தாலும், குடும்பம் எதிர்பாராத முடிவும் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே நேரடிச் சான்று கிடைக்காமல் போகலாம். அப்போது இருப்பதை எழுதி வையுங்கள்: 1923இல் அவரே எழுதிக் கொடுத்த பத்திரம் என்ன சொல்கிறது, 1934இல் பிறர் சொன்னது என்ன, கோடி போட்டவர்கள் யார், குலதெய்வம் எந்த ஊர், மூத்த பிள்ளையின் பெயர் என்ன. நான்கைந்து மறைமுகச் சான்றுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலிருந்து வந்து ஒரே பெயரைக் காட்டினால், வம்சாவளி மரத்தில் அந்தப் பெயரை எழுதலாம். பக்கத்தில் "கருதப்படுகிறது" என்று சேர்த்து எழுத வேண்டும். இணையத்தில் ஏற்றும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் அடுத்த வருடமே நாலு பேர் அதை நகலெடுத்து நிரூபணமான உண்மையாக்கிவிடுவார்கள். பிறகு உங்களுக்கே அது சான்றாகத் திரும்பி வரும். முதல் வேலையாக, கொள்ளுப்பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். பத்திரங்கள் இரண்டின் நான்கு எல்லைகளையும் சாட்சிகளின் பெயர்களையும் சேர்த்து அனுப்பினால், ஆள் பெயர் அட்டவணையில் இன்னும் யார் யாரைத் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.